போட்டோ 50 கேபி, கையெழுத்து 20 கேபி: முதல் முறை ஆன்லைனில் விண்ணப்பிப்பவர்களுக்கு

எங்கள் அண்ணன் உசிலம்பட்டியில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அவர் ஒரு வண்டியைப் பார்த்து "கம்ப்ரஷன் இல்ல" என்று சொன்னால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, மேட்டில் இழுக்காது என்று அர்த்தம். அம்மாவுக்குக் காலில் நரம்பு சுருண்டபோது டாக்டர் கம்ப்ரஷன் என்று எழுதிக் கொடுத்தது, முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறையை. பிரிட்ஜ் மெக்கானிக் வந்தால் முதலில் கம்ப்ரசரைத்தான் தொட்டுப் பார்க்கிறார். இதெல்லாம் வேறு வேறு வேலை. பிரவுசிங் சென்டரில் "கம்ப்ரஸ் பண்ணிடலாம்மா" என்கிறார்களே, அது இன்னொன்று. அந்தக் கடைசிக் கம்ப்ரஸ் எனக்கு ஒரு முழு வருடத்தை வீணாக்கியது.

ஒரு வேலைக்கான தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் சாயங்காலம் பஸ் ஏறி மதுரைக்கு வந்தேன். ஒரு சென்டரில் வாட்ஸப்பில் இருந்த போட்டோவைக் காட்டினேன். கோடு போட்ட நோட்டில் கையெழுத்துப் போட்டு அதைப் போனிலேயே படம் எடுத்தேன். "அண்ணே, சைஸ் குறைச்சுக் குடுங்க" என்று மட்டும் சொன்னேன். குறைத்துக் கொடுத்தார்கள், இணையதளமும் ஏற்றுக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து, கையெழுத்து தெளிவாக இல்லை என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கட்டிய பணம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து அந்த ஃபைலைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். என் பெயரில் இருந்த சுழி எல்லாம் சாம்பல் கறையாக ஒட்டிக் கிடந்தது. இணையதளம் கேபி சரியா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறது.

அதற்குப் பிறகு இதை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் படிக்க வரும் தோழிகள் பலருக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். எல்லோரும் இடறுகிற இடங்கள் ஒன்றேதான். அதனால் எழுதி வைக்கிறேன்.

1. எந்த அளவைக் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்

"சைஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று அளவுகள் ஒளிந்திருக்கின்றன. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒன்று, தாளில் அச்சிட்டால் வரும் அளவு: 3.5 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம் என்று சென்டிமீட்டரில் இருக்கும். இரண்டாவது, படத்தில் எத்தனை புள்ளிகள் என்பது: 200-க்கு 230 பிக்சல் என்று இருக்கும். மூன்றாவது, ஃபைலின் எடை: 20 முதல் 50 கேபி (கிலோபைட்) என்று இருக்கும். ஒரு புடவையின் நீளமும் அதன் எடையும் வேறு வேறு என்பது போலத்தான் இதுவும். சென்டரில் "சைஸ் குறைங்க" என்றால் அவர் மூன்றில் ஏதோ ஒன்றைக் குறைப்பார். உங்களுக்கு வேண்டியது இன்னொன்றாக இருக்கும்.

வங்கித் தேர்வுகளுக்கான ஐபிபிஎஸ் விண்ணப்பத்தில் வழக்கமாகக் கேட்பவை இவை: போட்டோ 200-க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி; கையெழுத்து 140-க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி; இடது கைப் பெருவிரல் ரேகை 240-க்கு 240 பிக்சல், 20 முதல் 50 கேபி; கையால் எழுதிய உறுதிமொழி 800-க்கு 400 பிக்சல், 50 முதல் 100 கேபி. டிஎன்பிஎஸ்சியிலும் போட்டோவுக்கு 20-50, கையெழுத்துக்கு 10-20 கேபி. ஆனாலும் நீங்கள் விண்ணப்பிக்கும் அறிவிப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. அந்தப் பக்கத்தைத் தனியாக அச்செடுத்து, எண்களுக்கு அடியில் கோடு போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்டிமீட்டரும் டிபிஐயும் (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பது) மட்டும் கொடுத்திருந்தால் பிக்சலை நீங்களே கண்டுபிடிக்கலாம். சென்டிமீட்டரை 2.54-ஆல் வகுத்து, டிபிஐயால் பெருக்குங்கள். 3.5-க்கு 4.5 செ.மீ., 200 டிபிஐ என்றால் 276-க்கு 354 பிக்சல். 6-க்கு 2 செ.மீ. கையெழுத்து என்றால் 472-க்கு 157.

2. மூலப் படத்தை வாட்ஸப்பில் வாங்காதீர்கள்

படத்தைச் சுருக்குவதில் இரண்டு வகை உண்டு. சுங்குடிச் சேலையை எட்டாக மடித்துப் பீரோவில் வைக்கிறோம். பிரித்தால் அதே சேலை, ஒரு புள்ளிகூடக் குறையாது. ஜிப் ஃபைல் அப்படிப்பட்டது. ஜிகர்தண்டாவுக்குப் பாலைச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். அதில் தண்ணீரை ஊற்றினால் பழைய பால் வருமா? போட்டோக்களுக்கு வழக்கமான ஜேபெக் (ஜேபிஜி) ஃபைல் இந்த ரகம். படத்தை 8-க்கு 8 புள்ளி கொண்ட சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களை எறிந்துவிடும். அளவோடு எறிந்தால் நமக்கு வித்தியாசமே தெரியாது. மிதமிஞ்சி எறிந்தால் அந்தச் சதுரங்களே கன்னத்தில் டைல்ஸ் பதித்த மாதிரி தெரிய ஆரம்பிக்கும். எறிந்தது எறிந்ததுதான், திரும்ப வராது.

வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் ஏற்கெனவே ஒரு முறை சுண்டியது. சென்டரில் மறுபடி சுண்டுகிறார்கள். இன்னொருவர் அதையே வாங்கி மூன்றாம் முறை சுண்டுகிறார். என் கையெழுத்துக்கு நடந்தது இதுதான்.

அதனால் ஸ்டூடியோவில் போட்டோ எடுக்கும்போதே சாஃப்ட் காப்பி கேளுங்கள். மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸப்தான் வழி என்றால் போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படி வந்தால் ஃபைல் அப்படியே வரும். பாஸ்போர்ட் அளவுப் போட்டோவை 300 டிபிஐயில் கொடுத்தால் 413-க்கு 531 பிக்சல் இருக்கும். நமக்கு அது தாராளம்.

வெள்ளைப் பின்னணி, நேராகப் பார்த்த முகம், கண்ணாடியில் பளபளப்பு விழாமல் இருப்பது, காதை முடி மறைக்காமல் இருப்பது எல்லாம் ஸ்டூடியோவிலேயே சரிபாருங்கள். சில தேர்வுகளில் இப்போது கேமரா முன் உட்கார்ந்து நேரடியாகப் படம் எடுக்கச் சொல்கிறார்கள். அதற்குச் சுருக்கும் வேலையே இல்லை, வெளிச்சமான சுவர் ஓரமாக உட்கார்ந்தால் போதும்.

மூலப் படங்களை 'மூலம்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு, அதைத் தொடாதீர்கள். என்ன வெட்டினாலும் ஒட்டினாலும் நகலில்தான். தவறினால் திரும்ப மூலத்திலிருந்து தொடங்க வேண்டும். கெட்டுப்போன நகலைச் சரிசெய்யப் பார்ப்பது நேர விரயம்.

3. முதலில் வெட்டு, அப்புறம் சிறிதாக்கு, கடைசியில்தான் அமுக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்த வரிசையை வையுங்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

போன் கேமராவில் எடுத்த படம் 4000-க்கு 3000 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1.2 கோடிப் புள்ளிகள். ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஆக 3.6 கோடி பைட். இதை அப்படியே 50 கேபிக்குள் அடைக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 700 மடங்கு நசுக்க வேண்டும். முகம் என்ன ஆகும்?

இப்போது அதே படத்தில் தலையும் தோளும் மட்டும் வரும்படி வெட்டி, 200-க்கு 230 பிக்சலாகச் சிறிதாக்குங்கள். 46,000 புள்ளிகள், 1,38,000 பைட். ஒரு கேபி 1,024 பைட், ஆகவே சுருக்காமலே 135 கேபிதான். இதை 50-க்குள் கொண்டுவர மூன்றில் ஒரு பங்காக்கினால் போதும். ஜேபெக்குக்கு அது ஒரு வேலையே இல்லை, தரம் குறைந்ததே தெரியாது. "50 கேபிக்கு கம்ப்ரஸ் பண்ணு" என்று ஆப்பில் நேராக ஒரு பொத்தானை அமுக்குவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் பெயின்ட் போதும். படத்தைத் திறந்து, கிராப் செய்து, 'ரீசைஸ்' போய், சதவீதத்திலிருந்து பிக்சலுக்கு மாற்றுங்கள். அகல உயர விகிதத்தைக் காப்பாற்றும் டிக்கை எடுக்காதீர்கள். எடுத்துவிட்டு இரண்டு எண்ணையும் தட்டினால் முகம் பூசணிக்காய் மாதிரி அகன்றுவிடும். வெட்டும்போதே விகிதத்தைச் சரியாக வெட்டிவிட்டால் இந்தத் தொல்லை வராது. பிறகு ஜேபெக்காகச் சேமியுங்கள். தரத்தைக் கூட்டிக் குறைக்க பெயின்டில் வழி இல்லை. சென்டரில் போட்டோஷாப் இருந்தால் சேமிக்கும்போது 12 வரை ஒரு எண் கேட்கும். 10-இல் தொடங்கி, கேபி இறங்கவில்லை என்றால் ஒவ்வொன்றாகக் குறையுங்கள்.

கேபி பார்க்கும்போது ஒரு கண்ணி. ஃபைலை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் இரண்டு அளவு காட்டும்: ஒன்று 'சைஸ்', அடுத்தது 'சைஸ் ஆன் டிஸ்க்'. முதலாவதுதான் நமக்கு வேண்டியது. இரண்டாவது, டிஸ்கில் ஃபைல் பிடித்திருக்கும் இடம். அது பெரும்பாலும் கொஞ்சம் கூடவே இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து, 49 கேபி இருந்த நல்ல படத்தை மறுபடி அமுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ஃபைல் பெயரின் கடைசியில் பிஎன்ஜி என்பதை அழித்து ஜேபிஜி என்று தட்டினால் படம் ஜேபெக் ஆகாது. பெயர்ப் பலகையை மாற்றினால் கடை மாறிவிடாது. திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஹெச்இஐசி என்று வேறு வகை வரும். அதையும் இப்படித்தான்.

4. கையெழுத்து: இங்கே ஃபைல் சிறிதாவதுதான் சிக்கல்

கோடில்லாத வெள்ளைத் தாள், கறுப்பு மை. ஜெல் பேனா கசியும். மை ஒழுங்காக இறங்கும் பால்பாயின்ட் போதும். ஒரே தாளில் ஐந்தாறு முறை போட்டு, நன்றாக வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில் பெயரை எழுதிக் கையெழுத்து என்று கொடுக்காதீர்கள். வங்கித் தேர்வுகளில் அது செல்லாது. நாளைக்குத் தேர்வறையில் வருகைப் பதிவில் இதே கையெழுத்தைப் போட வேண்டும். அவசரத்தில் வேறு மாதிரிப் போட்டுவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஸ்கேன்தான் நல்லது. போனில் எடுப்பதென்றால் பகலில், ஜன்னல் ஓரம், உங்கள் நிழல் தாளில் விழாமல், நேர் மேலே இருந்து எடுங்கள். நிழல் விழுந்தால் தாள் சாம்பலாகத் தெரியும். அதைச் சுருக்கும்போது எழுத்தும் நிழலும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். 140-க்கு 60 பிக்சல் என்றால் மொத்தமே 8,400 புள்ளிகள். சுருக்காமல் வைத்தாலே 25 கேபிதான். அதிலும் பெரும்பகுதி வெறும் வெள்ளை. ஜேபெக்காகச் சேமித்தால் மூன்று நான்கு கேபிக்கு இறங்கிவிடும். கேட்பதோ 10 முதல் 20. "ஃபைல் சைஸ் சரியில்லை" என்று சிவப்பு எழுத்தில் வந்ததும், பெரிதாக இருக்கிறது போல என்று நினைத்து இன்னும் சுருக்குகிறோம். இன்னும் சிவப்பு. மேல் வரம்பு இருப்பது எல்லோருக்கும் தெரிகிறது, கீழ் வரம்பு இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

கீழே போய்விட்டால் முதலில் தரத்தை உச்சத்தில் வைத்துச் சேமித்துப் பாருங்கள். அப்படியும் எட்டவில்லை, அறிவிப்பில் பிக்சல் அளவு கட்டாயம் என்று இல்லாமல் 'விரும்பத்தக்கது' என்று இருக்கிறது என்றால், அதே விகிதத்தில் இரட்டிப்பாக்கி 280-க்கு 120, அல்லது மும்மடங்காக்கி 420-க்கு 180 வையுங்கள். எடை தானாக ஏறும், எழுத்தும் இன்னும் தெளிவாக இருக்கும். ஆனால் மூன்று கேபி படத்தையே இழுத்துப் பெரிதாக்கக் கூடாது. மூலத்திலிருந்து எடுத்து அந்த அளவுக்குச் சிறிதாக்க வேண்டும்.

பெருவிரல் ரேகைக்கும் இதே முறைதான். மையில் விரலை லேசாகத் தொட்டு, முதலில் ஒரு கழிவுத் தாளில் ஒற்றிவிட்டு, அடுத்த ஒற்றலை எடுங்கள். கோடுகள் பிரிந்து தெரியும்.

5. சான்றிதழ்கள்: எதைச் சுருக்கலாம், எதைத் தொடக் கூடாது

இ-சேவை மூலம் வரும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், டிஜிலாக்கரில் இறக்கிய மதிப்பெண் பட்டியல் எல்லாம் பிடிஎஃப் ஆகவே கைக்கு வருகின்றன. பலர் அதை அச்செடுத்து, மறுபடி ஸ்கேன் செய்து, அதைச் சுருக்கி ஏற்றுகிறார்கள். வேண்டாம். இறக்கிய ஃபைல் வரம்புக்குள் இருந்தால் அதையே அப்படியே ஏற்றுங்கள். டிஜிட்டல் கையொப்பம் உள்ள பிடிஎஃப்பைச் சுருக்கும் கருவியில் போட்டால் ஃபைல் புதிதாக எழுதப்படும், அந்தக் கையொப்பம் செல்லாமல் போய்விடும். பார்வைக்குச் சான்றிதழ் அப்படியே இருப்பதால் நமக்குத் தெரியாது. க்யூஆர் கோடு உள்ள சான்றிதழை மிகவும் சுருக்கினால் கோடு மங்கி, ஸ்கேன் செய்தால் எதுவும் வராது. சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால், சுருக்கிய பிறகு உங்கள் போனால் அந்த க்யூஆரை ஒரு முறை படித்துப் பாருங்கள்.

தாளில் மட்டும் இருப்பவைதான் நாம் ஸ்கேன் செய்ய வேண்டியவை: பழைய மாற்றுச் சான்றிதழ், தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட தமிழ் வழிக் கல்விச் சான்று போன்றவை. ஏ4 தாளைக் கலரில் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508 பிக்சல், சுருக்கும் முன் 26 எம்பி. அதையே கிரேஸ்கேலில் (நிறமில்லாமல், சாம்பல் சாயல்களில்) 150 டிபிஐயில் எடுத்தால் 1240-க்கு 1754, ஏறக்குறைய 2.2 எம்பி. பன்னிரண்டில் ஒரு பங்கு. படிப்பதற்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே ஸ்கேன் போடும்போதே "கிரேஸ்கேல், 150" என்று சொல்லிவிடுங்கள். அறிவிப்பில் கலர் ஸ்கேன்தான் வேண்டும் என்று இருந்தால் மட்டும் கலர். ஸ்கேனரில் 'பிளாக் அண்ட் ஒயிட்' என்று இன்னொன்று இருக்கும், அது வேண்டாம். ஃபைல் இன்னும் சிறிதாகும்தான், ஆனால் ஊதா நிற முத்திரை பாதி அழிந்துவிடும், தலைமை ஆசிரியரின் மெல்லிய கையெழுத்து புள்ளி புள்ளியாக உடைந்துவிடும்.

ஸ்கேன் ஆன பிடிஎஃப் இன்னும் கனமாக இருந்தால் லிப்ரே ஆபீஸ் ட்ராவில் திறந்து, பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும் இடத்தில் படத் தரத்தையும் டிபிஐயையும் குறைக்கலாம். இலவசம், இணையமும் தேவையில்லை. ஜிப் போட்டுப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே சுண்டிய பாலை மடித்து வைக்க முடியாது. ஃபைல் அளவு அசையாது, விண்ணப்பத் தளமும் ஜிப்பை வாங்காது.

6. சென்டருக்குப் போகும்போது

மதுரையில் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கமோ மாட்டுத்தாவணி பக்கமோ உங்கள் ஊரிலோ, எங்கே போனாலும் "சைஸ் குறைங்க" என்று நிறுத்தாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, போட்டோ இரநூறுக்கு இரநூத்தி முப்பது பிக்சல் வேணும். இருபதுக்கு மேல, அம்பது கேபிக்குள்ள. ஜேபெக்." சொல்லிவிட்டு அறிவிப்புத் தாளை அவர் முன்னால் வையுங்கள். நிறையப் பேர் வரிசையில் நிற்கும்போது அவர்களுக்கும் இது உதவிதான். கடைசியில் படத்தை முழுத் திரையில் திறந்து காட்டச் சொல்லுங்கள். கண், மூக்கு, கையெழுத்தின் மெல்லிய கோடுகள் தெரிகிறதா என்று நீங்களே பார்த்த பிறகுதான் அப்லோடு.

செலவு: நான் கடைசியாகச் செய்தபோது ஸ்டூடியோவில் போட்டோவும் சாஃப்ட் காப்பியும் சேர்த்து 100 ரூபாய், ஸ்கேன் பக்கத்துக்கு 10 ரூபாய், விண்ணப்பம் நிரப்ப 100 ரூபாய் ஆனது. கடைக்குக் கடை மாறும், உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள். டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவுக்குக் கட்டணம் 150 ரூபாய், 5 வருடம் செல்லும். தேர்வுக் கட்டணம் தனி. பதிவுக் கட்டணத்தையே தேர்வுக் கட்டணம் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

பென் டிரைவ் கொண்டு போங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரிலும் டெஸ்க்டாப்பிலும் உள்ள உங்கள் ஃபைல்களை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். மெயில், வாட்ஸப் வெப் இரண்டிலிருந்தும் வெளியே வாருங்கள். ஆதாரை ஏதோ ஓர் இணையதளத்தில் ஏற்றிச் சுருக்குவதைத் தவிருங்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஏற்றுக்கொள்ளும் இடங்களில் அதையே கொடுங்கள்.

7. எவ்வளவு நாள் முன்பு

இந்தச் சுருக்கும் வேலை, தெரிந்துவிட்டால், அரை மணி நேரம்தான். சான்றிதழ் சேகரிக்கத்தான் நாள் ஆகும். தமிழ் வழிச் சான்று நீங்கள் படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் வாங்க வேண்டியிருக்கும். கோடை விடுமுறையில் போனால் கையெழுத்துப் போட ஆள் இருக்க மாட்டார்கள். மத்திய அரசுத் தேர்வுகளுக்கு ஓபிசி சான்றிதழ் மத்திய அரசின் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும், மாநிலச் சாதிச் சான்றிதழ் அதற்குச் செல்லாது. அதனால் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்குங்கள். போட்டோ மட்டும் புதிதாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்குள் எடுத்தது என்று பல அறிவிப்புகளில் கேட்கிறார்கள்.

கடைசி இரண்டு நாள் வேண்டவே வேண்டாம். அப்லோடு பாதியில் நிற்கும், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள், அந்தப் பதற்றத்தில்தான் கண்ணில் பட்ட ஃபைலை ஏற்றிவிடுகிறோம். கடைசித் தேதிக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு முடித்துவிடுங்கள்.

8. அனுப்பிய பிறகு

விண்ணப்பத்தின் பிடிஎஃப்பை உடனே இறக்கி அச்செடுங்கள். திரையில் சின்னதாகப் பார்க்கும்போது எல்லாமே அழகாகத்தான் தெரியும், தாளில்தான் மங்கல் வெளியே வரும். போட்டோ இருக்கும் கட்டத்தில் போட்டோவும் கையெழுத்துக் கட்டத்தில் கையெழுத்தும் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் மாறிப் போன விண்ணப்பத்தையும் பார்த்திருக்கிறேன். சரியில்லை என்றால், திருத்தம் செய்ய எப்போது அனுமதிக்கிறார்கள் என்பது அறிவிப்பிலேயே இருக்கும். சில நாட்கள்தான் தருவார்கள், தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டமிடுங்கள். திருத்தும்போது மறுபடி மூலம் ஃபோல்டரைத் திறந்து, படி 3-இலிருந்து செய்யுங்கள்.